சாப்பிட்ட பிறகு ஒரு குளிசை

பக்கத்து வீட்டுப் பூரணியின் முழங்காலைப் பற்றி எங்கள் லயத்து வரிசை வீடுகளில் தெரியாதவர்கள் கிடையாது. இரண்டும் வீங்கிக் கிடக்கும். ராகலைப் பக்கத்து மலையில் கொழுந்து பறிக்க ஏறும்போதெல்லாம் "அம்மாடி" என்று முனகுவாள். தோட்டத்து மருந்துக் காம்பராவில் நோவுக்குக் குளிசை கொடுத்தார்கள். போட்டதும் கால் லேசாகிவிட்டது. வருடக்கணக்காக அதுதான் அவளை மலையேற்றியது.

"சாப்பிட்டுட்டுப் போடணும்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். எங்களுக்கு விடியற்காலையில் சாப்பாடு ஏது? இனிப்பாக ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓட வேண்டும். ரொட்டியெல்லாம் பிறகு மலையில்தான். பூரணி தேத்தண்ணியையே சாப்பாட்டில் சேர்த்துக்கொண்டாள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

தொண்ணூற்றெட்டில் ஒருநாள் தேயிலைக்குள் இரத்தமாக வாந்தியெடுத்தாள். நுவரெலியாவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். யாழ்ப்பாணத்து டாக்டர், நல்ல மனுஷன், பொறுமையாகச் சொன்னார்:

"குளிசை வயித்தைப் புண்ணாக்கிப் போட்டுது. இனித் தொடக்கூடாதம்மா. மலம் கறுப்பாப் போனால் உள்ளுக்கு இரத்தம் கசியுது எண்டு அர்த்தம், உடனே வாங்கோ. ஏத்த இறக்கத்தில நடக்கிறதையும் குறையுங்கோ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மலையைக் குறைக்கச் சொல்லி யாரிடம் போய்க் கேட்பது?

வந்ததும் அவள் புருஷன் மாயாண்டி மிச்சக் குளிசைகளை வாசல் சாக்கடைக் கானில் கொட்டினான். மாற்றிக் கொடுத்த மருந்து வயிற்றை ஒன்றும் செய்யவில்லை. காலையும் ஒன்றும் செய்யவில்லை. பூரணி உட்கார்ந்தபடியே நழுவி நழுவி மலை இறங்கினாள். அரைப்பேர்தான் விழுந்தது, பாதி நாள் கூலி. "முடியலேன்னா நின்னுக்க" என்றார் மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா. நின்றால்? மாயாண்டிக்கு வயதாகி, வேலையிலிருந்து பேர் வெட்டியாயிற்று. அந்த லயத்து வீடு அவள் வேலையில்தான் நிற்கிறது. பாவி மனுஷி என்னதான் செய்வாள்!

ஒரு விடியலில் மாயாண்டியே ரொட்டி சுட்டான். அவள் முழுதாகத் தின்று முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பிறகு டவுனில் வாங்கிவந்த அதே குளிசையை நீட்டினான்.

"நீங்களே குடுக்கிறீங்களா?"

"வேற என்னாத்த செய்யச் சொல்ற புள்ள?"

அதிலிருந்து தினமும் அவள் கக்கூசுக்குப் போய் வந்ததும், "என்னா நெறம்?" என்று கேட்பான். "நல்லாத்தான் இருக்கு, போங்க" என்பாள். கேட்டு லயமே சிரிக்கும்.

ஒரு மழைக்காலக் காலையில் அவன் கேட்டபோது, பூரணி கூடையை முதுகில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"கறுப்புதாங்க" என்றாள். "குளுசைய எடுங்க, பெரட்டுக்கு நேரமாச்சு."