வெர்னா பஸ்ஸை விட்டு இறங்கிய வருஷம்

வெர்னா கூபியாக்குக்கு மன்னிக்க வராது. ஹார்கின்ஸ்வில்லில் இது எல்லோருக்கும் தெரியும், அவளும் மறைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஜெபம் சொல்லும்போது, மன்னிப்பு வருகிற அந்த ஒரு வரிக்கு மட்டும் அவள் வாயை மூடிக்கொள்வாள் என்று அவள் கணவன் கிளிஃப் கேலி செய்வதுண்டு. கிளிஃப் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. அந்த வரியை இன்னும் அவள் சொல்வதில்லை.

இருபத்தேழு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். ஒண்டாரியோ ஏரியிலிருந்து காற்று பனியை வாரிக்கொண்டு வந்து கொட்டும் ஊர் அது. காலை நாலரைக்கு எழுந்து, நாற்பத்தொரு மைல் சுற்றி, ஏழே முக்காலுக்குப் பிள்ளைகளைப் பள்ளி வாசலில் இறக்கிவிடுவாள். ஒரு தடவைகூட வண்டி பள்ளத்தில் இறங்கியதில்லை. எந்தப் பிள்ளை யாரோடு சண்டை, எந்த வீட்டில் அப்பா வேலையிழந்து கிடக்கிறான், எல்லாம் பின்னால் பார்க்கும் கண்ணாடியிலேயே தெரிந்துவிடும்.

அப்போதுதான் மாநிலத் தலைநகர் ஆல்பனியில் சட்டம் போட்டார்கள். இன்ன வருஷத்துக்கு மேல் வாங்கும் பள்ளி பஸ் எதுவும் புகை விடக்கூடாது, எல்லாம் மின்சாரத்தில் ஓட வேண்டும் என்று. கெடு வருவதற்கு முன்பே ஹார்கின்ஸ்வில் பள்ளிக் குழு மானியத்தில் இரண்டு வண்டி வாங்கியது. வாங்க வைத்தது குழுத் தலைவி மெரடித் ஹாஸ். பத்து வருஷத்துக்கு முன் நகரத்திலிருந்து வந்து குடியேறியவள். ஊர்க்காரர்கள் மூவாயிரம் பேர் கூடிப் பேசும் இணையப் பக்கத்தையும் அவள்தான் நடத்தினாள். தொலைந்த நாய், விற்பனைக்கு வந்த விறகு, செத்தவர்களுக்கு இரங்கல், எல்லாம் அவள் கைவழியாகத்தான் ஊருக்குப் போகும்.

மெரடித்தின் மகன் தியோவுக்கு ஆஸ்துமா. டீசல் புகை பட்டால் நெஞ்சு இழுக்கும். அவனுக்கான மருந்துக் குழாய் ஒன்று ஆறு வருஷமாக வெர்னாவின் கோட்டுப் பையில்தான் இருந்தது. இரண்டு தடவை அதை அவன் வாயில் வைத்து அழுத்தியவளும் அவள்தான். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த ஜனவரி காலையில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. ஷெட்டில் மெக்கானிக் டுவைட் புது வண்டியின் மூக்கிலிருந்து சார்ஜ் கம்பியைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"ராத்திரி பூரா சொருகித்தான் வெச்சேன். நூறு காட்டுது பாரு."

"நிக்கிறப்ப நூறு காட்டும். லப்பான் மேட்டுல ஏறுறப்ப என்ன காட்டும்?"

"ஹீட்டரக் கொறைச்சு வெச்சு ஓட்டு."

"நீ உன் வீட்டுல கொறைச்சு வெச்சுக்கோ. எனக்குப் பின்னால பத்தொம்பது கொழந்தைங்க உக்காந்திருக்கும்."

அவள் குறைக்கவில்லை. பத்தொன்பதாவது பிள்ளை ஏறியபோது சார்ஜ் காட்டும் முள் பாதிக்கு வந்திருந்தது. மேட்டடியில் கால்வாசி. மேட்டில் முக்கால் தூரம் ஏறியதும் ஹீட்டர் தானாகவே அணைந்தது. அப்புறம் வண்டி நின்றது.

ஐம்பது நிமிஷம். ரேடியோவில் கூப்பிட்டாள். மாற்று வண்டி எதிர்ப்பக்கம் சுற்றில் இருக்கிறது, காத்திருங்கள் என்றார்கள். கண்ணாடியின் உள்பக்கம் பனி பூத்தது. பெரிய பிள்ளைகள் மடியில் சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்தாள். தன் கோட்டைக் கழற்றி இரண்டு பேரைச் சேர்த்துச் சுற்றினாள். எல்லோரையும் கத்திப் பாடச் சொன்னாள். பாலர் வகுப்பிலிருந்து ஒரு குட்டி, கையுறை இல்லாமல் வந்திருந்தது. அதன் விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்துப்போக, சட்டைக்குள் விட்டுத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

கடைசியில் மேட்டுக்கு அந்தப் பக்கம் பால் பண்ணை வைத்திருக்கும் ஓவன் லப்பான் டிராக்டரில் பனி தள்ளிக்கொண்டு வந்து பார்த்துவிட்டான். பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போய் மாட்டுக் கொட்டகையில் விட்டார்கள். எண்பது மாடுகளின் மூச்சில் அந்த இடம் கதகதவென்று இருந்தது. குட்டியின் விரல்கள் சிவந்து, அது வலியில் வீறிட்டு அழுத பிறகுதான் வெர்னாவுக்கு மூச்சு வந்தது.

வண்டிக்குத் திரும்பி வந்து போனை எடுத்தாள். பனி மூடிய கண்ணாடி, செத்துக்கிடந்த முள், காலியான இருக்கைகள் எல்லாவற்றையும் வீடியோ எடுத்தாள். பேசியது ஒரே மூச்சு.

"ஆல்பனியில உக்காந்துட்டு இருக்கிற மகராசங்களே, நீங்க அனுப்பின வண்டி இதுதான். உங்க புள்ளைங்கள ஒரு நாள் இதுல ஏத்தி விடுங்க. நான் ஓட்டுறேன்."

ஊரின் இணையப் பக்கத்தில் போட்டாள். மத்தியானத்துக்குள் அண்டை ஊரெல்லாம் பார்த்துவிட்டது. மூன்று மணிக்கு அது காணாமல் போயிற்று. மறுபடி போட்டாள். மறுபடி போயிற்று. சாயங்காலம் அதே இடத்தில் மெரடித்தின் அறிக்கை வந்தது: குழந்தைகள் எல்லோரும் நலம், முதற்கட்டத் தகவலின்படி வண்டியைச் சரியாக சார்ஜ் செய்யாததும் ஓட்டுநர் கையாண்ட விதமுமே காரணம், பொய்ச் செய்தி பரப்ப வேண்டாம்.

அடியில் நூற்றுக்கணக்கான பேர் எழுதினார்கள். வெர்னாவால் பதில் எழுத முடியவில்லை. பக்கத்திலிருந்து அவளை நீக்கியிருந்தார்கள். தன் சொந்தக் கணக்கில் எழுதினாள், கொஞ்சம் காரமாகவே. யார் யார் புகார் கொடுத்தார்களோ, நாலாம் நாள் இணையத்தளக் கம்பெனி அந்தக் கணக்கையே மூடிவிட்டது. தவறான தகவல், தொந்தரவு என்று இரண்டு காரணம். மேல்முறையீடு என்று ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினாள். தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் பதில் வந்துவிட்டது: பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை.

அந்தக் கணக்கில் கிளிஃப் இருந்தான். பதினோரு வருஷப் படங்கள். மீன் பிடித்துக்கொண்டு நின்றவன், கொட்டகைக் கூரை மேல் நின்றவன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிச் சிரித்தவன். வேறெங்கும் அவள் சேர்த்து வைக்கவில்லை. பழைய போன் ஏரியில் விழுந்து போயிருந்தது. கம்பெனிக்கு மூன்று கடிதம் எழுதினாள். திட்டுவதற்குக்கூட அங்கே ஒரு ஆள் இல்லை. ஆல்பனிக்கும் முகம் கிடையாது. மெரடித்துக்கு முகம் இருந்தது, அதுவும் நாலு மைல் தள்ளி, மஞ்சள் வீட்டில்.

விசாரணை முடியும்வரை வண்டி ஓட்டக்கூடாது என்று உத்தரவு. மூன்று வாரம். டுவைட் தன் பதிவேட்டைக் கொண்டுபோய்க் காட்டினான்: ராத்திரி எட்டு மணிக்குச் சொருகியது, காலை ஐந்தேகாலுக்குக் கழற்றியது, நூறு சதவீதம். ஓட்டுநர் மேல் தவறில்லை என்று எழுதிக் கொடுத்து, வண்டியையும் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதம் உறைக்குள், அவளுக்கு மட்டும் வந்தது. ஊர்ப் பக்கத்தில் மெரடித்தின் பழைய அறிக்கை அப்படியே இருந்தது.

பிப்ரவரியில் பள்ளிக் குழுக் கூட்டத்துக்குப் போனாள். பொதுமக்கள் ஆளுக்கு மூன்று நிமிஷம் பேசலாம்.

"என்னைப் பத்தி எழுதினது பொய்யின்னு உங்க ஆபீசே எழுதிக் குடுத்திருக்கு. அதை எடுத்துடுங்க. தப்புன்னு ஒரு வரி போடுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"தனிப்பட்ட ஊழியர் விவகாரத்தை இங்க விவாதிக்க முடியாது, மிஸஸ் கூபியாக்," என்றாள் மெரடித். குரலில் கோபம் இல்லை. பிள்ளைக்கு மருந்து கொடுப்பது மாதிரிப் பொறுமையாகச் சொன்னாள்.

"ஊர் பூரா என் பேரைப் போட்டு எழுதினப்ப அது தனிப்பட்ட விவகாரமா இல்லையா?"

"உங்க நேரம் முடிஞ்சுது. நன்றி."

கோபமாக நாலு வார்த்தை சொல்லியிருந்தால் வெர்னா பொறுத்திருப்பாள். அந்த நன்றியைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. வீட்டுக்குப் போகவில்லை. நேராக டுவைட்டின் ஷெட்டுக்கு வந்தாள்.

"மே மாசம் அவ சீட்டு தேர்தலுக்கு வருது. நான் நிக்கப்போறேன்."

டுவைட் கைத்துணியை வைத்தான். "ஏம்மா, புத்தி இருக்கா உனக்கு? ஜெயிச்சா வண்டி ஓட்ட முடியாது. பள்ளிக்கூடத்துல சம்பளம் வாங்குறவ குழுவுல உக்காரக்கூடாது. சட்டம்."

"தெரியும்."

"இருபத்தேழு வருஷம் வெர்னா. அந்த ஸ்டீரிங்க விட்டா நீ என்ன பண்ணுவ? சொவத்தப் பாத்துட்டு உக்காந்திருப்ப."

"உக்காந்திருக்கேன். அவளும் வீட்டுல உக்காரட்டும்."

"கிளிஃப் இருந்தா என்ன சொல்லியிருப்பான்?"

"அவன் என்ன சொல்லியிருப்பான்னு நெனச்சுப் பாக்க மூஞ்சி வேணுமில்ல? அதைத்தான் அழிச்சுட்டாங்களே."

தேர்தலில் நிற்க ஊர்க்காரர்களின் கையெழுத்தோடு மனு கொடுக்க வேண்டும். முதல் கையெழுத்து டுவைட்டினுடையது. இருபத்தைந்து போதும். அவள் முந்நூற்றுப் பத்து வாங்கினாள்.

இணையத்தில் வாய் கட்டியிருந்ததால் காலால் போனாள். ஒரு பக்கக் காகிதம் அச்சடித்தாள். மேலே பனி பூத்த கண்ணாடியின் படம், கீழே அந்த உறைக்குள் வந்த கடிதத்தின் நகல். காலைச் சுற்று முடிந்ததும் வண்டியை விட்டுவிட்டுத் தன் பழைய டிரக்கில் அதே நாற்பத்தொரு மைல் போவாள். கதவைத் திறந்தவர்களில் பாதிப் பேர் ஒரு காலத்தில் அவள் பஸ்ஸில் வந்த பிள்ளைகள்.

"மிஸ் வெர்னா! குளிர்ல நிக்காதீங்க, உள்ள வாங்க."

"நான் உக்கார வரல, டானி. உனக்கு எட்டு வயசுல பஸ்ல வாந்தி எடுத்தியே, யாரு தொடைச்சா?"

"நீங்கதான்." முப்பது வயசுக்காரன் காது சிவந்தான்.

"யார்கிட்டயாவது சொன்னேனா?"

"இல்ல."

"மே மாசம் வந்து ஓட்டுப் போடு. பொண்டாட்டியையும் கூட்டிட்டு வா."

எல்லோரும் இப்படியில்லை. ஒரு இளம் தாய் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "என் பொண்ணு பெரியவளாகிறப்ப மூச்சு விடக் காத்து வேணும், மிஸ் வெர்னா. ஒரு வண்டி நின்னதுக்காக எல்லாத்தையும் நிறுத்த முடியாது."

"காத்து வேணும்தான். அதுக்காக என் மேல பொய் சொல்லணுமா?"

"அது தப்புதான். ஆனா நீங்க பஸ்ஸையும் சேத்து எதிர்க்குறீங்களே."

வெர்னா காகிதத்தை வாங்கிக்கொண்டு திரும்பினாள். டிரக்கில் ஏறியதும் தன் பட்டியலில் அந்த வீட்டுப் பெயரை அடித்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போனாள்.

அவள் எதிர்த்தாள்தான். மே மாத வாக்குச்சீட்டில் இன்னும் மூன்று மின்சார வண்டி வாங்க அனுமதி கேட்டு ஒரு கேள்வி இருந்தது. நல்லது செய்கிறேன் என்று கிளம்புகிறவர்களிடம்தான் அதிகம் பயப்பட வேண்டும், தப்பு நேர்ந்தால் அவர்களுக்கு ஒப்புக்கொள்ளவே வராது என்று போகிற வீடெல்லாம் சொன்னாள். அதை மனசார நம்பினாள். ஆனால் அவளைக் காலையில் எழுப்பியது அந்த நம்பிக்கை இல்லை. தோற்றுப்போனதைக் கேட்கும் நிமிஷத்தில் மெரடித்தின் முகம் எப்படி இருக்கும் என்ற ஆசைதான் எழுப்பியது.

பள்ளிக்கூட ஜிம்மில் வாக்குப்பதிவு. ஒன்பது மணிக்கு எண்ணி முடித்துப் படித்தார்கள். வெர்னா எழுநூற்றுப் பன்னிரண்டு, மெரடித் நானூற்று முப்பத்தெட்டு. பஸ் கேள்வியும் தோற்றது. வெர்னா கைதட்டியவர்களைப் பார்க்கவில்லை. கூடைப்பந்து வளையத்தின் கீழே நின்றிருந்த மெரடித்துக்கு நேர் எதிரே போய் நின்றாள்.

மெரடித்தின் உதடு நடுங்கியது. கண் கலங்கியது. வெர்னா இமைக்காமல் முழுசாகப் பார்த்தாள், கிளிஃப் மாதிரி இதுவும் அழிந்துவிடக்கூடாது என்று.

"வாழ்த்துக்கள்," என்றாள் மெரடித்.

"உங்க நேரம் முடிஞ்சுது," என்றாள் வெர்னா. "நன்றி."

ஜூன் கடைசியில் சாவியை டுவைட்டிடம் கொடுத்தாள். வண்டியைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் கொடுத்தாள். பிள்ளைகள் வரைந்து கொடுத்த படங்களைப் பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஜூலையில் பதவியேற்றாள். அவள் கொண்டுவந்த முதல் தீர்மானம், ஜனவரி அறிக்கை பொய் என்று பள்ளிக் குழு எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது. நாலு பேர் ஆதரவு, மூன்று பேர் எதிர்ப்பு என்று நிறைவேறியது. அதை ஊர்ப் பக்கத்தில் போட மெரடித் மறுத்தாள். பக்கம் இன்னும் அவளுடையதுதான். வெர்னா நகல் எடுத்து மளிகைக் கடை, அஞ்சலகம், பெட்ரோல் பங்க் என்று எல்லாச் சுவரிலும் ஒட்டினாள். மழையில் நனைந்தால் புதுசு ஒட்டினாள்.

ஆல்பனியின் சட்டம் அப்படியே இருந்தது. கம்பெனியும் படங்களைத் திருப்பித் தரவில்லை.

அக்டோபரில் ஒரு நாள் மளிகைக் கடையில், ஆப்பிள் கூடைகளுக்கு நடுவில் மெரடித் எதிரே வந்தாள். தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை.

"அந்த வீடியோவை நான்தான் அழிச்சேன்," என்றாள். "ஓட்டுநர் தப்புன்னு எழுதினதும் நான்தான். விசாரிக்காம எழுதினேன். அது என் தப்பு. ஆனா உங்க கணக்க மூடச் சொல்லி நான் புகார் பண்ணல. சத்தியமா. படங்கள் போனது டுவைட் சொல்லித்தான் தெரியும்."

வெர்னா தன் தள்ளுவண்டியை ஓரமாக நகர்த்தி நிறுத்தினாள்.

"தியோவுக்காகத்தான் அந்த வண்டிங்க வேணும்னு நெனச்சேன். உங்களுக்கே தெரியும், வெர்னா. நீங்கதானே அவனுக்கு மருந்து குடுத்தீங்க."

"குடுத்தேன். அதுக்கு நீங்க பதிலுக்குக் குடுத்ததையும் வாங்கிட்டேன்."

"இதை ஜனவரியிலேயே சொல்லியிருக்கணும்."

"ஆமா."

"இப்ப உங்களுக்குத் திருப்திதானா?"

வெர்னா நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். தன் வீட்டைத் தாண்டிப் புது ஓட்டுநர் வண்டியைக் கொண்டுபோகும் ஆறேகால் மணியை நினைத்தாள். விழிப்பு வந்து நாலரையிலிருந்து சமையலறை மேஜையில் உட்கார்ந்திருப்பதை நினைத்தாள்.

"பாதி," என்றாள். "மீதி பாதிய யார்கிட்ட வாங்கணுமோ, அவங்க எங்க இருக்காங்கன்னு தெரியல. தெரிஞ்சா அங்கயும் போவேன்."

மெரடித் தலையாட்டினாள். மன்னிச்சிடுங்க என்று ஒரு வார்த்தை அவள் வாயில் வந்து நின்றது வெர்னாவுக்குத் தெரிந்தது. அது வெளியே வருவதற்குள் வெர்னா ஆப்பிளைப் பொறுக்கத் திரும்பிவிட்டாள். அடிபட்டதை ஒதுக்கி, நல்லதாகப் பார்த்து ஆறு எடுத்தாள்.