பாபிலோனுக்கு மொத ரேங்க் குடுத்த உச்சிமாகாளி

உச்சிமாகாளின்னு பேரக் கேட்டா பெரிய ரவுடின்னு நெனைப்பீங்க. ஆளப் பாத்தா அப்படி இருக்காது. 2010-ல எங்க பிள்ளைப்பாக்கம் வூட்டு மாடி ரூமுக்கு ஒரு பையோட வந்து நின்னான். "யக்கா, கொழாயில தண்ணி புடிச்சிக்கிடட்டுமா?" அதான் அவன் என்கிட்ட பேசின மொத வார்த்தை. "புடிச்சிக்கோ, கொழாய மட்டும் உங்க ஊருக்கு எடுத்துனு பூடாத"ன்னேன். சிரிக்கக்கூட பர்மிஷன் கேப்பான்போல, அப்படி நின்னான்.

நானு அற்புதமேரி, வூட்டுக்காரி. வாய் நீளம்னு ஊருக்கே தெரியும், நானா சொல்லிக்க வேணாம்.

அவனுக்கு திருநெல்வேலிப் பக்கம். ஒரகடத்துல காருக்கு சீட்டு செய்யற கொரியாக்காரன் கம்பெனில ட்ரெய்னி. ரூம்ல அவனோட மகாராஜா, கொம்பையான்னு இன்னும் ரெண்டு பேரு, அதே ஜில்லா, வேற வேற கம்பெனி. மூணு பேருக்கும் மூணு ஷிஃப்ட். ஒருத்தன் எழுந்து போனா அதே பாயில இன்னொருத்தன் வந்து படுப்பான். மூணு பேரும் சேந்து வாங்கின பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு இருந்துது. அது சூடு ஆறி நான் பாத்ததே இல்ல.

அதுல ஒரு கேம். ஒரு நாட்ட எடுத்துக்கினு, கல்லு ஈட்டி காலத்துலேர்ந்து ராக்கெட் வுடற வரைக்கும் ஆளணும். கேமோட வர்ற நாடுங்க போதாதாம், தனியா நாடு டவுன்லோட் பண்ணுவானுங்க. நெட்டு கார்டை நீள வயர்ல கட்டி, தண்ணி டேங்க் மேல வச்சாத்தான் சிக்னல் கெடைக்கும். இன்கா நாடு எறங்கி முடியற வரைக்கும் நான் மோட்டார் போடக்கூடாதுன்னு கொம்பையா வந்து சொன்னான். யார் வூட்டு மோட்டாருக்கு யார் தடை போடறது? போட்டேன். டேங்க் வழிஞ்சு கார்டு நனைஞ்சு, இன்கா மறுபடி மொதல்லேர்ந்து எறங்குச்சு.

மகாராஜா எடுத்தது கொரியா, ஆளுங்கள பாத்துப் பாத்து உக்கார வச்சாத்தான் அறிவு வளர்ற நாடாம். கொம்பையா பாபநாசம் மலையடிவாரத்துக்காரன், மலைச் சரிவுல படி வெட்டி வெவசாயம் பண்ற நாடுன்னதும் இன்காவ புடிச்சிக்கினான். உச்சிமாகாளி பாபிலோன், எழுதக் கத்துக்கிட்டதும் கேமே ஒரு விஞ்ஞானிய சும்மா குடுக்கற நாடாம். இதுல எது பலம்னு தெனம் சண்டை. ஒருத்தன் ஷிஃப்ட் முடிச்சு வந்து செருப்பக் கழட்டும்போதே, இன்னொருத்தன் போற வழியில படிக்கட்டுல நின்னு ஆரம்பிப்பான்.

நானும் பொறுத்துப் பாத்துட்டு ஒருநாள் சொன்னேன், "டேய், பாபிலோன் விழுந்து போச்சுடா. சின்ன வயசுலேர்ந்து எங்க கோயில் பூசையில பைபிள் வாசிக்கறப்ப கேட்டுகினு வரேன். அதப் போய் கட்டிக்கினு அழுவுறியே."

"நான் ஆண்டா விழாது யக்கா"ன்னான். வாயில்லாப் பூச்சிக்கு அன்னிக்குத்தான் வாய் மொளைச்சுது.

வாய்ப்பேச்சுல தீராதுன்னு அவனே ஒரு வழி கண்டுபுடிச்சான். அவங்க கம்பெனில கைசன் ஷீட்டுன்னு ஒரு பாரம் உண்டு. வேலைய எப்படி சுலுவாக்கலாம்னு லைன்ல நிக்கிறவங்க எழுதிக் குடுக்கறது. அதே பாரத்துல அவன் நாடுங்களுக்கு மார்க் போட ஆரம்பிச்சான். ஒரே மேப்பு, ஒவ்வொரு நாட்டுக்கும் பத்து ஆட்டம். எட்டு மாசம் லீவு நாளெல்லாம் அதுக்கே போச்சு. சினிமாவுக்கு கூப்புட்டா வரமாட்டான், பாபிலோன்ல பஞ்சம்பான்.

இதுக்கு நடுவுல 2013 வந்துது, மூணு வருஷ ட்ரெய்னிங் முடியப் போவுது. நாப்பது பேர்ல ஆறு பேரத்தான் பெர்மனெண்ட் பண்ணுவாங்க. ஆளாளுக்கு ஒரு நல்ல கைசன் ஷீட் பொட்டியில போடணும், அத வச்சுத்தான் முடிவு. இவனுக்கு அவங்க ஊர்ப் பொண்ணு ஒண்ணு, வேல்விழின்னு. பொண்ணோட அப்பா மாரிமுத்து, "பெர்மனெண்ட் ஆகட்டும், பொறவு பேசலாம்"னு ஒரே வார்த்தையில நிறுத்தி வச்சிருந்தாரு. ஆகலன்னா வேல்விழி வேற எடத்துக்குப் பூடும். இத என்கிட்ட சொல்லும்போது சோத்துல கைய வச்சிக்கினு திங்காம இருந்தான்.

ஷீட் குடுக்க கடைசி நாளு. கம்பெனி பஸ் வந்து ஹார்ன் அடிக்குது. பாதி தூரம் ஓடினவன் திரும்பி, "யக்கா, மேசை மேல மடிச்சு வச்ச ஷீட்டு"ன்னு கத்துனான். மேல ஓடினேன். மேசைல ரெண்டு ஷீட்டு, ரெண்டும் ஒரே பாரம், ரெண்டும் மடிச்சு கீது. ஒண்ணத் தொறந்தா தட்டுமாதிரி ஒரு படம், சுத்தி அம்புக்குறியா போட்டு வச்சிருந்தான். படையெடுப்புதான், இது கேமுன்னு தள்ளிட்டேன். இன்னொண்ணு மடிப்புக்கு வெளியிலயே "கொரியா: ஆளை உக்கார வச்சு கவனிக்கணும்"னு எழுதியிருந்துது. கொரியா கம்பெனிக்கு கொரியா ஷீட்டு, இதுல இன்னா யோசனைன்னு கவர்ல போட்டு ஒட்டி, கீழ ஓடி பஸ் ஜன்னல் வழியா குடுத்துட்டேன். அவனும் பிரிக்காம பொட்டியில போட்டுட்டான்.

சாயந்திரம் வந்தான். மேசையப் பாத்தான். அப்படியே பாயில உக்காந்துட்டான். அந்தத் தட்டுதான் கைசனாம். போல்ட்டு தட்டு எடது பக்கம் இருக்கறதால ஆளுங்க ஒவ்வொரு சீட்டுக்கும் திரும்ப வேண்டியிருக்கு, அத முன்னாடி வச்சா நாலு செகண்ட் மிச்சமாம். அம்புக்குறி, கை போற வழி.

"நான் வந்து சொல்றேன்டா, தப்பு என்னுதுன்னு"ன்னேன். "வேண்டாம் யக்கா, விடுங்க"ன்னான். திட்டியிருந்தாக்கூட தேவலை.

மூணாம் நாளு பெரிய மேனேஜர் பார்க் சார் கூப்புட்டாரு. எச்.ஆர் கோதண்டராமன் பக்கத்துல உக்காந்து தமிழ்ல சொல்ல, இவன் நின்னான். ஷீட்டுல எழுதியிருந்தத கோதண்டராமன் படிச்சாராம்: "பாபிலோன்: எழுதக் கத்துக்கிட்ட அன்னைக்கே ஒரு விஞ்ஞானி பெர்மனெண்ட். ட்ரெய்னி காலம் கிடையாது. முதலிடம். கொரியா: ஆரம்பம் மந்தம். ஆளை உக்கார வச்சு கவனிக்கணும். பாதியில அனுப்பிட்டா எல்லாம் வீண். ரெண்டாம் இடம்."

படிக்கப் படிக்க கோதண்டராமனுக்கே வேர்த்துதாம்.

"இத யார் பொட்டியில போட்டது?"ன்னாராம் பார்க் சார்.

"நான்தான் சார்."

"கொரியா ஏன் ரெண்டாவது?"

பயத்துல மாத்திச் சொல்லிட்டு வந்திருக்கலாம். நானா இருந்தா கொரியாவுக்கு மாலையே போட்டிருப்பேன். இவன், "பத்து ஆட்டம் பாத்தேன் சார். ஆறு ஆட்டம் பாபிலோன்தான் முந்துச்சு. கொரியா கடைசில பலம், ஆனா அதுவரைக்கும் ஆளுகள வச்சிக்கிட பொறுமை வேணும்"னானாம்.

"பத்து முறையுமா பாத்தே?"

"ஒவ்வொண்ணுக்கும் பத்து சார். ஒரே மேப்புலதான்."

பார்க் சார் ஷீட்ட கையில வாங்கினாரு. அப்புறம், "இந்த பிளாண்ட்ல ஒரு கோளாற மூணு வாட்டி செக் பண்ணவே ஆள் கிடைக்கல"ன்னு கோதண்டராமனைப் பாத்து சொன்னாராம். செவப்பு பேனா எடுத்து, ஷீட்டுல கொரியாவுக்கு நேரா "ரீசெக்"னு எழுதி கையெழுத்து போட்டு குடுத்தாரு. ஷீட்டு மாறி வந்துட்டுன்னு இவன் சொல்ல, நெஜ ஷீட்ட நாளைக்கு கொண்டு வான்னாரு.

வெள்ளிக்கிழமை லிஸ்ட் ஒட்டினாங்க. அஞ்சு பேருக்குக் கீழ, ஆறாவதா உச்சிமாகாளி, குவாலிட்டி செக்ஷன். போன்ல சொல்லும்போது அவனும் அழுதான், நானும் அழுதேன். மகாராஜா மட்டும், "கொரியாவ ரெண்டாவது போட்டவனுக்கு கொரியாக்காரன் வேலை குடுக்கான், காலம் கெட்டுப் போச்சு"ன்னு பொலம்பிக்கினு இருந்தான்.

பெர்மனெண்ட் ஆன சேதி கேட்டு, ஞாயித்துக்கிழமை சொல்லாம கொள்ளாம மாரிமுத்து வந்துட்டாரு. சிங்கப்பெருமாள் கோவில்ல எறங்கி, ஷேர் ஆட்டோ புடிச்சு நேரா நம்ம வூட்டு வாசல்ல. "மாப்பிள்ள என்ன செய்யாவ?"ன்னு கேட்டுக்கினே மாடி ஏறுறாரு. எனக்கு உசுரே போச்சு. மேல இவன் லுங்கியோட, தலைகூட வாராம, கொரியாவ ஆண்டுக்கினு, பாபிலோன் மேல படையெடுத்துக்கினு இருக்கான்.

"இது என்ன யம்மா, வெளையாட்டா?"ன்னாரு.

பார்க் சார் ரீசெக்னு எழுதிக் குடுத்த ஷீட்ட இவன் செவுத்துல ஒட்டி வச்சிருந்தான், அதக் கழட்டி அவர் கையில குடுத்தேன். "கம்பெனி வேலைங்க. பாருங்க, பெரிய சார் கையெழுத்து. மறுபடி செக் பண்ணச் சொல்லியிருக்காரு." ஒரு வார்த்தை பொய் இல்ல.

கண்ணாடி போட்டுக்கினு முழுக்கப் படிச்சாரு. செவப்பு கையெழுத்த வெரலால தடவிப் பாத்தாரு. அப்புறம் மாப்பிள்ளைக்குப் பக்கத்துல பாயில உக்காந்துட்டாரு. இவன் எழுந்திருக்கப் பாத்தா, "நீங்க வேலையப் பாருங்க மாப்ள"ன்னு தோளப் புடிச்சு உக்கார வச்சாரு. நான் ரெண்டு வாட்டி டீ போட்டேன். மூணாவது டீக்கு ஏறும்போது உச்சிமாகாளி என்னப் பாத்து மெதுவா சொன்னான்.

"யக்கா, பாபிலோன் விழுந்துட்டு."

மாரிமுத்து என் பக்கம் திரும்பி, "கம்பெனிக்கு இது நல்லதா யம்மா?"ன்னாரு.

"ரொம்ப நல்லதுங்க"ன்னேன்.

"அப்பம் தேதி பாத்துருவோம்"னாரு.