ஒரு பேனைக்காக எழுதிய பெட்டிசம்

யுத்த காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு பேனை பழுதானது. அந்தக் காலத்தில் பழுதான பொருட்களோடு ஒரு பேனையையும் சேர்த்துச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பொய் சொல்லிப் பயனில்லை. ஒன்றரை வருடமாக நான் அதிகம் யோசித்தது அந்தப் பேனையைப் பற்றித்தான்.

அது சாதாரணப் பேனை அல்ல. அண்ணன் ஜெர்மனிக்குப் போய், அகதியாகப் பதிந்து, ஓர் உணவுக்கடையில் கோப்பை கழுவி, முதல் வருட உழைப்பில் அப்பாவுக்கென்று வாங்கியது. கொழும்புக்கு வந்த ஒருவரின் கையில் கொடுத்து, அவர் இன்னொருவரிடம் கொடுத்து, ஒரு மாதம் கழித்து எங்கள் ஊரான கல்லடிக்கு வந்து சேர்ந்தது. கறுப்புப் பேனை, தங்க நிப்பு, வாலைத் திருகினால் தானாக மை உறிஞ்சும். பெட்டியைப் பார்த்துவிட்டு அம்மா ஏதோ நகை என்று ஆவலோடு திறந்து ஏமாந்துபோனார்.

அப்பா களுவாஞ்சிக்குடியில் காணிக் கந்தோரில் முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். அவருடைய எழுத்து அச்சுப் போல இருக்கும், அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. பேனை வந்த நாளிலிருந்து கிழமைக்கு ஒரு ஏரோகிராம் அண்ணனுக்கு எழுதினார். ஆடு குட்டி போட்டது, கூரைத் தகரம் பறந்தது, மீன் விலை ஏறியது என்று எல்லாம் இருக்கும். முடிவில் எப்போதும் ஒரே வரி: ‘உன் வரவை ஆவலுடன் எதிர்பார்க்கும் அப்பா.’ ஒட்டித் தபாலில் போடுவது என் வேலை. ஒட்டுவதற்கு முன்பு நான் வாசித்துவிடுவேன், அது அவருக்கும் தெரியும்.

ஒரு காலை, கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்த அப்பாவின் கையிலிருந்து கயிறு நழுவியது. பாரிசவாதம். ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை வைத்திருந்தார்கள். கோணிய வாய் திரும்பி வந்தது, காலும் ஒரு மாதிரி வந்தது, வலது கை மட்டும் அரைவாசிதான் வந்தது. பிடிக்க முடியும், அழுத்த முடியாது. குமிழ்முனைப் பேனையைக் கொடுத்தோம். கோழி கிளறியது போல மங்கலாக ஏதோ வந்தது. பிறகு அண்ணனின் பேனையைக் கொடுத்தோம். அதை அழுத்த வேண்டியதே இல்லை, கடதாசியில் வைத்தால் மை தானாக இறங்கும். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருந்தது, ஆனால் அப்பாவின் எழுத்துத்தான்.

“அவனுக்கு அறிவிக்கப்படா மனே,” என்றார் அப்பா. “கேள்விப்பட்டா வந்து நிப்பான்.”

வந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அங்கே அவனுடைய அகதி வழக்கு முடியவில்லை, வெளிக்கிட்டால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். இங்கே கொழும்பிலிருந்து வரும் பஸ்ஸை மறித்து ஆமிக்காரர் இளம் பொடியன்களை இறக்கி வைப்பார்கள், சிலபேர் திரும்ப ஏறவில்லை. அண்ணனுக்கு அப்போது இருபத்தாறு வயது. அப்பாவின் கையெழுத்தில் கடிதம் போகும் மட்டும் அவன் அங்கே இருப்பான் என்பதுதான் எங்கள் நம்பிக்கை.

அந்த நம்பிக்கையில் இருக்கும்போதுதான் பேனை இறுகியது. வாலைத் திருகினால் அசையவில்லை. வெந்நீரில் வைத்தேன், தேங்காயெண்ணெய் பூசினேன், துணியைச் சுற்றித் திருகினேன். எதையும் கழற்றிப் பார்க்காவிட்டால் எனக்குக் கை அரிக்கும். ரேடியோவைக் கழற்றியிருக்கிறேன், சைக்கிள் டைனமோவைக் கழற்றியிருக்கிறேன். இந்தப் பேனையில் மட்டும் ஆணியும் இல்லை, பொருத்தும் தெரியவில்லை. இதை எங்கே தொடங்கி எங்கே மூடினார்கள் என்று மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பேன். பெட்டியில் இருந்த சின்னப் புத்தகம், திறக்க வேண்டாம், எங்களிடம் அனுப்புங்கள் என்றது.

“பேனைக்கும் ஆஸ்பத்திரி இருக்கா?” என்று அம்மா கேட்டார்.

ஆரையம்பதிப் பக்கம் ஒரு பாடசாலையில் நான் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஆகவே கொம்பனிக்குக் கடிதம் எழுதுவது என் தலையில் விழுந்தது. முதல் கடிதத்துக்கு இரண்டு மாதத்தில் பதில் வந்தது. எங்கள் பேனையைத் தெரிவு செய்ததற்கு நன்றி, இத்துடன் உள்ள படிவத்தை நிரப்பவும். படிவம் நான்கு மொழிகளில் இருந்தது, தமிழ் இல்லை. பேனையைக் கீழே போட்டீர்களா? மாதம் ஒருமுறை கழுவினீர்களா? எங்கள் கொம்பனியின் மையைத்தான் பாவித்தீர்களா? அந்தக் கடைசிக் கேள்வியை வாசித்து நான் சிரித்துவிட்டேன். பாதை திறந்து மூடி, திறந்து மூடி, எங்களுக்கு மண்ணெண்ணெயே ஒழுங்காக வராத காலம் அது. அண்ணன் அனுப்பிய மைப்போத்தல் முடிந்த பிறகு அப்பா மைக்குளிசையைத் தண்ணீரில் கரைத்துத்தான் ஊற்றிக்கொண்டிருந்தார். ‘ஆம்’ என்று கோடிட்டேன்.

பேனையைத் தபால் கந்தோருக்குக் கொண்டுபோவதென்றால் பாலத்துச் சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டும். ஆமிக்காரன் பெட்டியைத் திறந்து, பேனையை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்து, உள்ளங்கையில் எழுதிப் பார்த்தான்.

“இது எழுதாது,” என்றான் அரைத் தமிழில்.

“ஓம், பழுது. திருத்த அனுப்புறன்.”

“எங்க?”

“ஜெர்மனிக்கு.”

அவன் மற்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான். இரண்டு பேரும் சிரித்தார்கள். என்னை விசரன் என்று நினைத்திருக்க வேண்டும், விட்டுவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு அந்தப் பட்டம் உதவியது.

இனி அண்ணனுக்குக் கடிதம் எப்படிப் போகும்? நான் எழுதுகிறேன் என்றேன். அப்பா மறுத்துவிட்டார். “உன்ட எழுத்தைக் கண்டா, அப்பாக்கு என்ன எண்டு கேப்பான்.” அதனால் ஒருவரும் எழுதவில்லை. தபால் அடிக்கடி நின்றுபோகும் ஊர் என்பதால் அவன் பெரிதாகச் சந்தேகிக்க மாட்டான் என்று எங்களை நாங்களே தேற்றிக்கொண்டோம். யுத்தம் எங்கள் வீட்டுக்குச் செய்த ஒரேயொரு உபகாரம் அது.

கொம்பனியின் இரண்டாவது கடிதம் வந்தது. பேனை கிடைத்தது. உள்ளே வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறது. பேனை கடலில் விழுந்ததா? கடல் நீரால் வரும் பழுது உத்தரவாதத்தில் அடங்காது.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதைவிட ஆச்சரியம்தான் பெரிதாக இருந்தது. நேரே கிணற்றடிக்குப் போய் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து குடிக்கிற தண்ணீர். வாவிக்கும் கடலுக்கும் நடுவில், இரண்டு பக்கமும் நடந்துபோகிற தூரத்தில் எங்கள் வீடு. மாரி முடிந்து வெயில் ஏற ஏறக் கிணறு கரிக்கத் தொடங்கும் என்பது எங்களுக்குத் தெரியும், தெரிந்தும் நாக்குக்குப் பழகிப்போன விஷயம். எங்கோ குளிர் நாட்டில் மேசையில் குனிந்திருந்த ஒருவர் எங்கள் கிணற்றைக் கண்டுபிடித்துவிட்டார். எப்படிக் கண்டார்? நாக்கில் வைத்துப் பார்த்தாரா? கடிதத்தின் அடியில் இரண்டு எழுத்தில் ஒரு கையொப்பம் மட்டும் இருந்தது. அந்த ஆளைப் பற்றி நான் பல நாள் யோசித்தேன். ஆணா, பெண்ணா? தன்னுடைய வீட்டில் எதால் எழுதுவார்?

அந்த யோசனைதான் என்னைப் பிழை செய்ய வைத்தது. எங்கள் பக்கத்தில் எந்தக் கந்தோருக்கு எழுதினாலும் அதைப் பெட்டிசம் என்போம். சீமெந்துப் பைக்கு எழுதினாலும் சரி, இடமாற்றத்துக்கு எழுதினாலும் சரி, வீட்டில் யார் யாருக்கு என்ன வருத்தம், எத்தனை பேர் வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்று முழுக் கதையையும் கொட்டினால்தான் அது பெட்டிசம். அப்போதுதான் அதிகாரியின் மனம் இளகும். எனக்கும் வேறு முறை தெரியாது. மூன்று பக்கம் எழுதினேன். மதிப்புக்குரிய ஐயா, பேனை கடலில் விழவில்லை, கடல்தான் எங்கள் கிணற்றுக்குள் வந்திருக்கிறது. என் தந்தைக்குப் பாரிசவாதம். வலது கையால் அழுத்த முடியாது. இந்தப் பேனை ஒன்றால்தான் எழுதுவார். எழுதாவிட்டால் வெளிநாட்டில் உள்ள என் தமையனுக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் அவர் திரும்பி வந்துவிடுவார், வந்தால் உயிருக்கு ஆபத்து. கருணை கூர்ந்து திருத்தித் தரவும். வாசித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. நல்ல பெட்டிசம் என்று பெருமைப்பட்டேன்.

மூன்றாவது கடிதம் நாலே வரி. தங்கள் விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறோம். பேனை இலவசமாகத் திருத்தப்படும். உத்தரவாத அட்டையில் உள்ள கொள்வனவாளருக்கே பொருளைத் திருப்பி அனுப்புவது எங்கள் விதி. ஆகவே தங்கள் கடிதத்தின் பிரதியுடன் அவருக்கு அறிவித்துள்ளோம்.

அட்டையில் இருந்தது அண்ணனின் பெயரும் விலாசமும். படிவத்தோடு அந்த அட்டையை வைத்து அனுப்பியவன் நான்தான்.

கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டேன், ஒருவருக்கும் சொல்லவில்லை. ‘வராதே’ என்று அவனுக்கு எழுதலாமா என்று யோசித்தேன். கொம்பனியின் கடிதம் தவறிப்போயிருந்தால் அவனுக்கு ஒன்றும் தெரியாது, நானே தெரியப்படுத்தியதாகிவிடும். எழுதாமல் இருந்தால் அவன் இப்போதே டிக்கெட் எடுத்துக்கொண்டிருக்கலாம். இரண்டு மாதம் இப்படியே போனது. ஒழுங்கையில் ஏதாவது வான் வந்து நின்றால் வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்ப்பேன். தம்பியாக இருந்துகொண்டு, என் அண்ணன் வீட்டுக்கு வந்துவிடக் கூடாது என்று கோயிலில் வேண்டிக்கொண்டவன் நான். அதை இன்றைக்கு நினைத்தாலும் மனம் கசக்கிறது.

அவன் வரவில்லை. பார்சல் வந்தது. பேனை, நான்கு போத்தல் மை, அப்பாவுக்கு ஒரு கடிதம். பழைய பகிடியோடுதான் எழுதியிருந்தான். பேனைக்குள் உப்புப் படிந்து பழுதென்று கொம்பனி அறிவித்தது, கிணற்றுத் தண்ணீரை இனிப் பேனைக்குக் குடிக்கக் கொடுக்க வேண்டாம், அம்மாவின் கருவாட்டுக்கு உப்புப் போதாவிட்டால் அந்தப் பேனையைத் தட்டிப் போட்டிருக்கலாமே. பாரிசவாதம் பற்றி ஒரு சொல் இல்லை. அவர்கள் என் பெட்டிசத்தை வைக்க மறந்துவிட்டார்கள் என்று எனக்கு உயிர் வந்தது.

அப்பா பேனையில் மை ஏற்றி, ஒரு பழைய உறையில் தன் பெயரை எழுதினார். நிறுத்திவிட்டு நிப்பைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

“நிப்பு வேற. இது அகலம். முந்தினதை விட லேசா ஓடுது.”

“கொம்பனி மாத்தியிருக்கும்.”

“கொம்பனிக்கு என்ட கையைத் தெரியுமா?”

பெட்டியைக் கிளறினேன். உள்ளே கொம்பனியின் துண்டு ஒன்று இருந்தது: கொள்வனவாளரின் வேண்டுகோளின்படி, கை பலவீனமானவருக்கு ஏற்ற நிப்பு மாற்றப்பட்டது. அதை அப்பாவுக்குத் தமிழில் வாசித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், பெட்டிசத்தையும் சொன்னேன். அப்பா ஏசுவார் என்று நின்றேன். அவர் ஏசவில்லை.

“தெரிஞ்சும் வராம நிக்கிறான்,” என்றார் மெதுவாக. “எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பான்.”

ஏரோகிராம் ஒன்று கேட்டார். மத்தியானம் முழுக்க இருந்து எழுதினார். ஆட்டுக்குட்டி வளர்ந்துவிட்டது, கிணறு இந்த முறை அவ்வளவு கரிக்கவில்லை, தான் நல்ல சுகம். அவனுக்கு விஷயம் தெரியும் என்பது தனக்குத் தெரிந்துவிட்டதாக அவரும் காட்டிக்கொள்ளவில்லை. எழுத்து அழகாக இருந்தது. வழக்கம்போல ஒட்டுவதற்கு முன் வாசித்தேன். முடிவில் ‘அப்பா’ என்று மட்டும் இருந்தது.

“கடைசி வரியை மறந்திட்டீங்க அப்பா. உன் வரவை ஆவலுடன்...”

“மறக்கல்ல மனே,” என்றார். “அதை எழுதினா வந்திருவான். ஒட்டு.”