அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்து இடம்

ஜெயசீலி அக்கா தமக்கென்று காட்டிய இடத்தைப் பற்றி, அவர் இறந்த அன்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அவருடைய அப்பா என்னைத் தனியே அழைத்து நேராகவே கேட்டார். அப்போதும் சொல்லவில்லை.

செய்தி வந்தபோது ராஜபாளையத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்துக்காக நின்றிருந்தேன். அக்காவும் அதே பேருந்தில்தான் கல்லூரிக்கு வருவார். இன்னும் காணோமே என்று அழைத்தால், எடுத்தவர் அவருடைய பெரியப்பா மகன். “காலைல நெஞ்ச அடைக்குன்னு சொல்லுச்சு. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்ன போயிருச்சும்மா” என்றார். பேருந்து வந்தது. நான் ஏறவில்லை.

நாங்கள் இருவரும் வேலை பார்த்த மகளிர் கல்லூரியின் வரலாற்றுத் துறையில் யூத மதம், பார்சிகள் பின்பற்றும் சரதுஷ்டிர மதம், கிறிஸ்தவம் மூன்றின் தொடக்க வரலாற்றையும் அக்காதான் நடத்தினார். அவரிடம் படித்தவர்களுக்கு முதல் வகுப்பு மறந்திருக்காது. கடவுளைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். “செத்தவங்கள எங்க வைக்காங்கன்னு மொதல்ல பாருங்க. என்ன நம்புறாங்கன்னு பொறவு தானா தெரியும்” என்பார்.

அதனால் அவருடைய யூத மதம் ஒரு குகையில் தொடங்கும். ஒரே கடவுள் ஆபிரகாமோடு உடன்படிக்கை செய்து ஒரு நாட்டையே தருவதாகச் சொல்கிறார். ஆனால் அந்த நாட்டில் ஆபிரகாமுக்கு முதலில் சொந்தமானது, மனைவியை அடக்கம் செய்வதற்காக அயலாரிடம் விலைக்கு வாங்கிய, குகையோடு கூடிய நிலம்தான் என்கிறது மரபுக் கதை. “குடுத்த வாக்கு ஒரு நாடு. கையில கெடச்சது ஒரு கல்லறை. அதுக்குப் பொறவும் நம்பிக்கைய விடல பாருங்க” என்பார் அக்கா. எகிப்தின் அடிமைத்தனம், சட்டம், கோயிலை இழந்து பாபிலோனில் கிடந்த காலம் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின் பின்னால் வரும்.

பாபிலோனிலிருந்து அவர்களை ஊர் திரும்ப விட்டவர் பாரசீக மன்னர். அந்த வாசல் வழியாகவே சரதுஷ்டிரரிடம் போவார். அகுரா மஸ்தா என்னும் ஞானக் கடவுள் ஒரு பக்கம், பொய் மறு பக்கம். நினைப்பாலும் சொல்லாலும் செயலாலும் ஒவ்வொருவரும் தமக்கான பக்கத்தைத் தேர்ந்தாக வேண்டும். நெருப்பும் நீரும் மண்ணும் தூய்மையானவை. சாவு தீமையின் வேலை. ஆகவே பிணம் அவற்றைத் தீண்டக் கூடாது; உயரமான கல் கோபுரத்தில் பறவைகளுக்கு வைத்துவிடுவார்கள்.

“அய்ய, கழுகுக்கா மிஸ்?” என்றாள் வ. புதுப்பட்டியிலிருந்து வரும் ஒரு மாணவி. “எங்கூருப் பக்கம் இப்பக் கழுகே கெடையாதே.”

“அப்ப நீ சாகாம இருந்துக்க ஏட்டி.”

அடுத்த அறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டது. இரண்டு நாட்களுக்கு அந்தப் பெண்ணை எல்லோரும் ‘கழுகு’ என்றே கூப்பிட்டார்கள்.

கிறிஸ்தவம் தம்முடைய மதம் என்பதால் அதற்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் அவர் எடுத்துக்கொண்டதில்லை. முதல் கிறிஸ்தவர்கள் யூதர்களே என்பதில் தொடங்குவார். அவர்கள் வெறுமையாகக் கண்ட கல்லறை, பின்னாளில் ரோமுக்கு வெளியே மண்ணுக்கடியில் குடைந்த அடக்க இடங்கள், அடக்கம் செய்யும் இடத்துக்குத் ‘துயிலும் இடம்’ என்று வைத்த பெயர் என்று போகும் அந்தப் பாடம். இறந்தவர் எழுவார் என்ற நம்பிக்கை யூதர்களில் ஒரு பிரிவினருக்கும் இருந்தது, பாரசீகத்திலும் இருந்தது, யாரிடமிருந்து யார் பெற்றார்கள் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்தில்லை என்று சொல்லி நிறுத்துவார். “நீங்க நம்புறீகளா மிஸ்?” என்று யாராவது கேட்டால், “அந்தக் கேள்வி பரீட்சைல வராது” என்பதே பதில்.

அதற்கான பதிலை ஒருமுறை எனக்குச் சொன்னார். போன கல்லறைத் திருநாளன்று அவரோடு ராஜபாளையம் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். செவிலியராக இருந்த அவருடைய அம்மாவை அங்கேதான் அடக்கம் செய்திருந்தார்கள். அப்பா மகாராஜபுரத்து விவசாயக் குடும்பம், இந்து, ஓய்வு பெற்ற தலைமைக் காவலர்; ஊருக்கெல்லாம் ஏட்டையா. அவர் வெளியே வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். அக்கா சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்திகளை ஏற்றினார். பிறகு பக்கத்திலிருந்த வெறும் மண்ணில் உள்ளங்கையை வைத்தார். “இது எனக்கு. எழும்புற அன்னிக்கு அம்மா மொதல்ல என்னையத்தான் தேடும். அம்புட்டுக் கூட்டத்துல அலைய விடக் கூடாதுல்லா?”

அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

அக்கா இறந்த அன்று நான் போனபோது, அவர் வீட்டில் சபைப் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். “ஏட்டையா, சாயங்காலத்துக்குள்ள அடக்கம் வச்சிரலாம். அவங்க அம்மா பக்கத்துலயே குழி எடுக்கச் சொல்லட்டுமா?” என்று போதகர் கேட்டார். “எங்க ஊருக்குக் கொண்டு போயி எரிக்கணும்னு சித்தப்பா சொல்லுதாக” என்று ஏட்டையாவைக் காட்டினார் பெரியப்பா மகன். ஏட்டையா எழுந்து என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார்.

“அவ அம்மாவ அங்க வச்சதுலருந்து, மழை பேஞ்சா எனக்கு உறக்கம் கெடையாது தாயி. நனையுதாளேன்னு எந்திரிச்சு உக்காந்துருவேன். கிறுக்குத்தனம்னு தெரியுது. பிள்ளகிட்டக்கூடச் சொன்னதில்ல. இவளையும் அந்த மண்ணுக்குள்ள வச்சிட்டு வர என்னால ஏலாது. தீயில வச்சா அன்னியோட முடிஞ்சிரும்லா.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஒங்ககிட்ட ஏதும் சொல்லியிருக்காளா? சொல்லியிருந்தா சொல்லிருங்க. அவ சொன்னபடியே செஞ்சிருதேன்.”

சொன்னால் செய்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவருக்கு வரப்போகும் மழைக்காலங்களும் தெரிந்தன.

“ஒண்ணும் சொல்லலையேய்யா” என்றேன்.

இறந்தவர்களை எழுப்புகிறவருக்கு மண்ணும் சாம்பலும் ஒன்றுதானே என்று பிறகு பலமுறை நினைத்துப் பார்த்தேன். ஆனால் அது அக்காவின் நம்பிக்கை, என்னுடையதல்ல. அதிலிருந்து எனக்கு ஆறுதல் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இந்த ஆண்டு அந்தப் பாடத்தை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். நானும் இறந்தவர்களிடமிருந்தே தொடங்குகிறேன். அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்தத் தொடக்கம். அவர் காட்டிய இடத்தை அறிந்தவள் நான் ஒருத்தி மட்டுமே என்பதும் தங்கியிருக்கிறது.

அக்காவை அன்று மாலை மகாராஜபுரத்தில் எரியூட்டினார்கள். போதகர் அங்கேயும் வந்து ஜெபம் செய்தார். போன மாதம் ஏட்டையாவும் இறந்தார். அவரையும் அங்கேதான் எரித்தார்கள். அவர் இனி இல்லை என்பதால்தான் இதை இப்போது எழுத முடிகிறது. ராஜபாளையத்தில், அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்து இடத்தில், சபையைச் சேர்ந்த ஒரு தையல்காரரை அடக்கம் செய்திருக்கிறார்கள்.