ஜுபைலில் வைத்த மை

உலகத்து முட்டாள்களுக்குச் சங்கம் வைத்தால் தலைவர் பதவிக்கு நான் போட்டியின்றித் தேர்வாவேன். அத்தாட்சியாக ஒரு புகைப்படமும் இருக்கிறது. சவுதியில், ஜுபைல் கேம்ப் அறையில் எங்கள் போர்மேன் கட்டிலில் உட்கார்ந்து டீ குடிக்கிறார். மூலையில் கேமராவே பதித்த ஆரஞ்சு நிறத் தேதி. கிளாஸைப் பிடித்த இடது ஆள்காட்டி விரலில் ஒரு கறுப்புக் கோடு. படமெடுத்தவன் நான். கோடு போட்டவனும் நான்தான்.

தொண்ணூறுகளில் நடந்த ஒரு சட்டமன்றத் தேர்தல் அது. ராமநாதபுரத்துப் பக்கம், மழையை மறந்த ஒரு தொகுதி போர்மேனுக்கு. இரண்டு வருடமாகப் பார்க்காத மனைவிக்கு, “ஓட்டுப் போட வருகிறேன்” என்று எழுதியிருந்தார். விசா கொடுத்த அரபி முதலாளி, அதாவது கபீல், “மாஃபி” என்று ஒரே வார்த்தையில் லீவை முடித்துவிட்டார்; பாஸ்போர்ட்டும் அவர் அலமாரியில். வரவில்லை என்று இவர் எழுதிய கடிதத்தை முந்திக்கொண்டு ஊரில் தேர்தல் வந்துவிட்டது.

எனக்கு லேபில் தண்ணீரின் உப்பைச் சோதிக்கும் வேலை. அங்கே பழுப்புக் குப்பியில் வெள்ளி நைட்ரேட் இருக்கும். தோலில் பட்டால் முதலில் ஒன்றும் தெரியாது; வெளிச்சம் பட்டதும் கறுக்கும், லேசில் போகாது. ஓட்டுச்சாவடி மையிலும் இதுதான் சரக்கு. இவ்வளவு அறிவும் என் மாதிரி ஆளிடம் மாட்டினால் என்ன ஆகும்? தேர்தலன்று மதிய இடைவேளை, பன்னிரண்டரை மணி. தூங்கிக்கொண்டிருந்த போர்மேனின் விரலில் பஞ்சால் ஒரு கோடு இழுத்தேன்.

அந்தக் கோடைவெயிலிலும் விரல் சில்லென்று இருந்தது. அப்போது அவருடைய வலது கை, தலையணையில் மெதுவாக எழுத ஆரம்பித்தது. டியூட்டி ஷீட்டில் தினமும் போடும் அதே கையெழுத்து. கடைசியில் நீளமாக வாலை இழுத்து நின்றது. சிரித்தபடிதான் வெளியே வந்தேன். கொஞ்சம் வேகமாகவே வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம் விரல் கறுத்துவிட்டது. “என்னண்ணே, யாருக்குக் குத்துனீங்க?” என்று அறையே ஆர்ப்பரித்தது. நான் கேமராவைத் தட்டினேன். அவர் சிரிக்கவில்லை. சோப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, “டேய், நான் எங்கயும் போகலைல்ல?” என்றார். அந்தக் கேள்விக்கு முன்னால் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

மூன்று வாரத்தில் அவர் மனைவியின் கடிதம் வந்தது. பூத் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த அவள் தம்பி, மூன்று மணிக்கு டீ குடிக்கப் போய்த் திரும்புவதற்குள் இவர் பெயரில் ஓட்டு விழுந்திருந்ததாம். ஓட்டுச்சீட்டின் அடிக்கட்டையில் இவர் கையெழுத்து, வாலோடு. “ஓட்டுப் போட வந்த மனுஷனுக்கு வீட்டு வாசல் தெரியலையா? யார் வீட்டில் தங்கினீங்க?”

கள்ள ஓட்டு என்று நான் அடித்துச் சொன்னேன். அங்கே மூன்று மணி என்றால் இங்கே பன்னிரண்டரை என்று மனசுக்குள் கணக்கு ஓடியதைச் சொல்லவில்லை. கதிகலங்கிப் போயிருந்தவரைக் காப்பாற்ற எனக்கு ஒரு யோசனை உதித்தது: தேதி பதிந்த புகைப்படம்! அன்று இங்கேதான் இருந்தார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? நானே கவரில் போட்டு, நானே ஒட்டி, நானே தபாலில் சேர்த்தேன். திரும்பி வரும் வழியில்தான் விரல் ஞாபகம் வந்தது.

பதில் இரண்டே வரி. “தேதியை எந்தக் கடையிலும் மாற்றித் தருவான். விரலில் இருப்பது என்ன?”

போர்மேன் வேலையை கலாஸ் பண்ணிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். வண்டியேறும்போதும் நான் வாய் திறக்கவில்லை.

போன தேர்தலுக்கு ஓட்டுப் போட்டுவிட்டு, பட்டனை அமுக்கிய தைரியத்தில், அவர்கள் ஊருக்கு பஸ் ஏறினேன். அவர் முன்கட்டில் இருந்தார், அந்த அம்மாள் பின்கட்டில். இத்தனை வருடமும் அப்படியேதானாம். பின்கட்டுக்குப் போய், “அண்ணி, அந்த மை நான் வச்சது. விளையாட்டுக்கு வச்சேன். அவர் மேல தப்பே இல்ல” என்று கொட்டித் தீர்த்தேன். அந்த அம்மாள் பீரோவிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவந்தார். தேதி வெளுத்திருந்தது, கோடு வெளுக்கவில்லை. படத்தின் விரலையும், புது மை வைத்த என் விரலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கையெழுத்தும் நீங்க போட்டதுதானா, தம்பி?”