அரை அங்குலக் கோபம்

சுண்டுவிரல் ஓரத்தில் ஒரு கொப்புளம் வந்தது. புதுச் செருப்பு கடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். வலியே இல்லை. எனக்கு நியூரோபதி (சர்க்கரை நோயால் நரம்புகள் உணர்விழப்பது) இருப்பது தெரிந்தபோது, கேங்க்ரீன் (தசை அழுகல்) கணுக்காலைத் தாண்டியிருந்தது. "காலா, உயிரா என்கிற கட்டத்துல இருக்கோம்" என்றார் டாக்டரம்மா. முழங்காலுக்குக் கீழே இடது காலை எடுத்தார்கள்.

என் கணவர் தேவசகாயம் செயற்கைக் கால் செய்கிறவர். தாம்பரத்தில் பட்டறை வைத்திருக்கிறார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கேளம்பாக்கத்துக்கு அப்பால் உள்ள மீனவர் குப்பங்களுக்குப் போய்விடுவார், கால் இழந்தவர்களைப் பார்க்க. அதற்காக வீட்டைக் கவனிக்காமல் விட்டவரில்லை. என் புண்ணைக் கழுவிக் கட்டியது, குளிக்க வைத்தது எல்லாம் அவர்தான்.

"உனக்கென்ன லீலா, கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலைவாங்களா?" என்று கேட்டாள் என் நாத்தனார். கால் போனதை அதிர்ஷ்டம் என்று சொன்ன முதல் ஆள் அவள். கடைசி ஆள் அல்ல.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சிறுவயதில் என் இடது தொடை எலும்பு முறிந்து, கூடியபோது அரை அங்குலம் குறைந்துவிட்டது. அன்றிலிருந்து தாங்கித் தாங்கித்தான் நடப்பேன். பம்மலில் நான் வேலை பார்த்த பள்ளியில், காலடிச் சத்தம் கேட்டே "லீலா மிஸ் வர்றாங்க" என்று பிள்ளைகள் அடங்கிவிடுவார்கள். பெண் பார்க்க வந்த அன்று அந்த நடையோடுதான் இவருக்குக் காபி கொண்டுவந்து வைத்தேன்.

எனக்குச் செய்த காலில் அந்த அரை அங்குலத்தைக் கூட்டி வைத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்ணாடி முன் நிறுத்தி, "பாரு, எவ்வளவு நேரா நிக்கிற" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்து நானும் வாயை மூடிக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் முதுகு பிடித்துக்கொண்டது. சாக்கெட் (மீதிக் காலைச் செருகும் கிண்ணம்) உரசித் தோல் உரிந்தது. சொன்னேன்.

"லெவல் கரெக்டா இருக்கு லீலா. பழகிடும்."

சர்ச்சில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "முன்னைக்கு இப்ப நல்லா நேரா நடக்குறீங்க சிஸ்டர்" என்றார். காலை வெட்டியதற்கு வாழ்த்து! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிட்லபாக்கத்தில் வீட்டுக்குத் திரும்பி, கூடத்தைக் கடந்து போகிறேன். உள்ளறையில் படித்துக்கொண்டிருந்த என் மகள் ஷீபா, கதவைத் திறக்காமலே, "யாரு?" என்று கேட்டாள்.

என் வீட்டில், என் மகள். அறைக்குப் போய்க் காலைக் கழற்றி வைத்தேன்.

மறுநாள் சாக்கெட்டைத் தேய்த்துச் சரிசெய்யப் பட்டறைக்குப் போனேன். எனக்கு முன்னால் மீன் விற்கிற ஒரு பெண் நின்றிருந்தாள். "இன்னா சார் கால் குட்த்துக்கிற? கூடைய தூக்கினு நின்னா ஒரு பக்கமா இஸ்துகினு போவுது" என்றாள்.

இவர் அவள் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "முன்னாடி கூடையோட எப்படிக்கா நிப்பீங்க? அதே மாதிரி நின்னு காட்டுங்க."

நான் அவர்கள் பக்கத்தில் போய் நின்றேன்.

"என்னைக் கேட்டீங்களா?" என்றேன். பட்டறை முழுக்கக் கேட்டிருக்கும். "நான் எப்படி நடப்பேன்னு என்னைக் கேட்டீங்களா? இத்தனை வருஷம் கூடவே நடந்தீங்களே, என்னைச் சரி பண்ண கால் போகட்டும்னு காத்துக்கிட்டு இருந்தீங்களா?"

"உனக்கு நல்லதுன்னுதான்..."

"எனக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியும்."

"அக்கா சொல்றதயும் கேளு சார்" என்றாள் அந்தப் பெண்.

அவள் வேலையை முடித்து அனுப்பிவிட்டு, என் காலைக் கழற்றினார். சாக்கெட்டைத் தேய்த்தார். பாதத்துக்கு மேலே இருக்கும் குழாயில் அரை அங்குலம் வெட்டினார். மாட்டிவிட்டு, "நடந்து காட்டு" என்றார். நடந்தேன். இடது பக்கம் இறங்கி, எழுந்து, மறுபடி இறங்கி. முதுகு தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தது.

"அதைக் குறைன்னு நான் நெனச்சதே இல்ல லீலா" என்றார். அவர் நல்லவர். ஆனால் அந்த வார்த்தையை இன்றுவரை என்னால் முழுதாக நம்ப முடியவில்லை.

கால் பொருத்திக்கொள்ளப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். "பழகிடும்" என்று யார் சொன்னாலும், எவ்வளவு பிரியமானவர் சொன்னாலும், தலையாட்டாதீர்கள். முன்பு எப்படி நடந்தீர்கள் என்று கேட்க வையுங்கள். கேட்காவிட்டால் சண்டை போடுங்கள்.

இப்போது எதற்கும் நேரம் பிடிக்கிறது. படுக்கையிலிருந்து இறங்கும் முன் கால் இருக்கிறதா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பட்டறையிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலமும் வாசலிலிருந்து கூடத்துக்கு வரவே வெகு நேரமானது. உள்ளறைக் கதவு மூடியிருந்தது.

"அம்மா, வரும்போது அந்தச் சார்ஜர எடுத்துட்டு வாயேன்" என்றாள் ஷீபா.

எடுத்துக்கொண்டு போனேன். இன்னும் மெதுவாகவே போனேன். நன்றாகக் கேட்கட்டும்.