அவங்க என்றால் யார்

கல்லூரியில் தீப்திக்கு எந்தச் சிக்கலும் இல்லை. மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. அறுபது பையன்கள், நான்கு பெண்கள். அவள் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டபோது, லேத் மெஷினில் சிக்காமலிருக்கத்தான் என்று எல்லாரும் பாராட்டினார்கள். பணிமனைக் கண்காணிப்பாளர் பாதுகாப்பு வகுப்பில் அவளையே உதாரணம் காட்டினார். இவள் பெண்ணைக் காதலிக்கிறவளாக இருக்கலாம் என்ற சந்தேகம் ஒருவருக்கும் வரவில்லை. அது பாடத்திட்டத்தில் இல்லை.

அவளுடைய காதலி மௌமிதா படித்த இலக்கியத் துறையில் அது பாடத்திட்டத்திலேயே இருந்தது. சுவரில் வானவில் கொடி, மாதம் ஒரு கருத்தரங்கு. வணிகவியல் மாணவன் விவேக் தன் கம்மலை அந்தத் துறையின் மாடிப்படியில்தான் மாட்டிக்கொள்வான். வகுப்புக்குத் திரும்புமுன் கழற்றிவிடுவான். தீப்தியும் மௌமிதாவும் ஒரே தட்டில் சிங்காரா என்கிற சமோசாவைத் தின்றால்கூட "என்ன துணிச்சல்!" என்று கண்கலங்க அங்கே ஆள் இருந்தது. துணிச்சல் தேவைப்பட்ட இடத்தில் மட்டும் ஒருவரும் இல்லை. அந்த இடம் லேக் கார்டன்ஸில், தீப்தி வீட்டுச் சாப்பாட்டு மேசை.

அப்பா உத்தமன் துறைமுகத்தில் கிரேன் ஃபிட்டர். மனைவி போனபின் மகளைத் தனியே வளர்த்தவர். வீட்டுக்குள் தமிழ்தான் என்பது அவருடைய ஒரே சட்டம். இந்த ஊர் பேசும் வங்காளத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் 'ஷே' என்று ஒரே சொல். ஊரே நிம்மதியாக இருக்கிறது. தமிழில் வினைச்சொல் முடியும்போதே காட்டிக்கொடுத்துவிடும். காதல் உண்டு என்று சொல்லிவிட்ட தீப்தி, ஆளைச் சொல்ல முடியாமல் மரியாதைக்குள் ஒளிந்துகொண்டாள். அவங்க வந்தாங்க. அவங்க சொன்னாங்க.

உத்தமன் ஆறு மாதம் பொறுத்தார்.

"ஏம்மா, வாத்தியாரா?"

"இல்லப்பா."

"கூடப் படிக்கிறவனை எவ அவங்க இவங்கங்கறா? மறைக்காமச் சொல்லு. பேரன் பேத்தி இருக்கா அவருக்கு?"

"அப்பா!"

"தலை நரைச்சிருந்தாலும் பரவால்ல. சுகர் இருக்கான்னு மட்டும் கேட்டுக்கோ."

சொல்லிவிட 'வந்தாங்க'வில் இரண்டு எழுத்தைக் குறைத்தால் போதும். தள்ளிப்போட அவளிடம் நல்ல காரணங்கள் இருந்தன: தேர்வு, பூஜை விடுமுறை, மறுபடி தேர்வு. அவருடைய கல்லீரலிடம் ஒரு காரணமும் இல்லை. மார்ச்சில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். டாக்டர் "பார்க்கலாம்" என்றார். அந்தச் சொல் எவ்வளவு எடை தாங்கும் என்று பொறியியல் படித்தவளுக்குத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை பார்வையாளர் நேரத்தில் மௌமிதாவைக் கட்டிலருகே நிறுத்தினாள்.

"அப்பா, நான் சொன்னேன்ல... வந்திருக்கா."

உத்தமன் மௌமிதாவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். கிழவர் யாரும் வரவில்லை. மறுபடி மௌமிதாவைப் பார்த்தார். அப்புறம் மகளை.

"வந்திருக்காவா?"

"ஆமாப்பா. வந்திருக்கா."

கண்ணை மூடிக்கொண்டார். சலைன் சொட்டிக்கொண்டிருந்தது. தூங்கிவிட்டார் என்றே தீப்தி நினைத்தாள்.

"என்ன படிக்கிறா?"

"இலக்கியம்."

"அய்யோ," என்றார் உத்தமன், உண்மையான வேதனையோடு. "அதுக்கு வேலை கிடைக்குமா?"

அவரிடம் காட்டுவதற்காக மௌமிதா ஒரு பி.எட். விண்ணப்பத்தை வாங்கி நிரப்பினாள். வியாழக்கிழமை காலை இருவரும் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது, மருத்துவமனையிலிருந்து போன் வந்தது.